இதழியல் மாணவர்களுக்கான உதவித்தொகைகளும் விருதுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதழியல் வகுப்பெடுத்த ஆண்டுகளில், பாடம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஓரிருவர் மட்டும் மேசைப் பக்கம் தயங்கி நிற்பார்கள். "சார், இந்த ஸ்காலர்ஷிப்புக்கு நான் போடலாமா?" என்பதுதான் அவர்கள் கேட்க வந்தது. மாணவர் விருதுகள் சிலவற்றுக்கு நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில், திறமை இல்லாமல் வாய்ப்பை இழந்தவர்களைவிட, விண்ணப்பிக்காமலும் விதிமுறையைப் படிக்காமலும் இழந்தவர்கள்தான் அதிகம். அதனால்தான் இந்தக் கேள்விகளைத் தொகுத்து எழுதுகிறேன்.

உதவித்தொகை, ஃபெலோஷிப், நல்கை, விருது: எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் எல்லாவற்றையும் ஸ்காலர்ஷிப் என்றே சொல்லிவிடுகிறோம். விண்ணப்பிக்கும்போது வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

உதவித்தொகை படிப்புக்கான பணம். நீங்கள் இனிமேல் என்ன ஆவீர்கள் என்று நம்பித் தருவது. விருது ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு. நல்கை ஒரு குறிப்பிட்ட ஸ்டோரிக்கான செலவுக்கு: பயணம், தங்குமிடம், மொழிபெயர்ப்பாளர் கூலி, ஆவண நகல் கட்டணம் இப்படி. ஃபெலோஷிப் என்ற சொல்தான் ஆளைக் குழப்பும். சில இடங்களில் அது மாணவர்களுக்கான பயிற்சி. வேறு இடங்களில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். ஹார்வர்டில் 1938 முதல் நடக்கும் நீமன் ஃபெலோஷிப் பணியில் இருக்கும் பத்திரிகையாளர்களுக்கானது. பெயரைப் பார்த்துவிட்டு இறுதியாண்டு மாணவர் அதற்கு விண்ணப்பம் தயாரித்தால் ஒரு மாத உழைப்பு வீண்.

சில நேரம் இவை ஒரே வேரிலிருந்து வந்தவையும்கூட. அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் 1904இல் எழுதிய உயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை, இலக்கியம், நாடகம் இவற்றுக்கான பரிசுகளோடு நான்கு பயண உதவித்தொகைகளுக்கும் அதில் இடம் வைத்திருந்தார். அவர் கொடுத்த பணத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி 1912இல் தொடங்கியது. அவர் பெயரிலான புலிட்சர் பரிசுகள் 1917இல்தான் வந்தன. பள்ளிக்கூடம் முதலில், பரிசு அப்புறம். கையில் காசில்லாமல் ஹங்கேரியிலிருந்து வந்து அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரராகச் சேர்ந்தவர் அவர். உயில் எழுதும்போது படிக்கிற பிள்ளைகளையும் மறக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இதழியல் மாணவர்களுக்கென்று தனி நிதிகள் ஏன் இருக்கின்றன? யார் தருகிறார்கள்?

பல்கலைக்கழகங்கள், பத்திரிகையாளர் சங்கங்கள், செய்தி நிறுவனங்கள், அறக்கட்டளைகள், அரசுகள் எனப் பலரும் தருகிறார்கள். இவற்றில் நீங்கள் நின்று கவனிக்க வேண்டியவை நினைவு நிதிகள்.

செய்தி சேகரிக்கப்போன இடத்தில் உயிரிழந்தவர்களின் பெயரில் குடும்பத்தினரும் சக ஊழியர்களும் தொடங்கியவை ஏராளம். கிரேக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த, அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ்.ஸின் நிருபர் ஜார்ஜ் போல்க் 1948இல் கொல்லப்பட்டார்; அடுத்த ஆண்டே லாங் ஐலண்ட் பல்கலைக்கழகம் அவர் பெயரில் விருதை நிறுவியது. ராய்ட்டர்ஸ் நிருபர் கர்ட் ஷோர்க் 2000 மே மாதம் சியரா லியோனில் கொல்லப்பட்டார். உள்ளூர் நிருபர்களையும் ஃப்ரீலான்ஸர்களையும் கௌரவிக்கும் விருதுகள் அவர் பெயரில் வழங்கப்படுகின்றன. அமெரிக்காவின் ஓவர்சீஸ் பிரஸ் கிளப் அறக்கட்டளை வெளிநாட்டு நிருபராக விரும்பும் மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகைகளில் பலவும் மறைந்த பத்திரிகையாளர்களின் பெயரைத் தாங்கியவை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் அந்தப் பெயருக்குரியவர் யார் என்று ஒரு மாலை நேரம் செலவிட்டுப் படியுங்கள். அவர் எந்த ஊர்களிலிருந்து எழுதினார், எதைப் பற்றி எழுதினார், எந்தச் செய்திக்காக அறியப்பட்டார் என்று பாருங்கள். தேர்வுக் குழுவில் அவருடன் வேலை செய்தவர்களே உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் எந்த மாதிரிப் பிள்ளையைத் தேடுகிறார்கள் என்பதற்கான பதில் அந்த வாழ்க்கைக் குறிப்பிலேயே இருக்கும்.

எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்கள் துறை அலுவலகத்திலிருந்து. இணையத்தில் தேடினால் உலகப்புகழ் பெற்ற பெயர்கள்தான் முதலில் வரும்; ஆயிரக்கணக்கானவர்கள் போட்டி போடுவது அங்கேதான். உங்கள் பல்கலைக்கழகத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் வைத்துவிட்டுப் போன சிறு நிதிக்கு நாலு பேர்கூட விண்ணப்பித்திருக்க மாட்டார்கள். அலுவலக உதவியாளரிடம் போய், "நம் துறை மாணவர்களுக்கு மட்டும் என்று ஏதாவது நிதி இருக்கிறதா? கடைசியாக யாருக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். அப்போதுதான் பழைய கோப்பு வெளியே வரும்.

அதற்குப் பிறகு பத்திரிகையாளர் சங்கங்கள். அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் புரொஃபஷனல் ஜர்னலிஸ்ட்ஸ் அமைப்பையே 1909இல் டிபா பல்கலைக்கழக மாணவர்கள்தான் தொடங்கினார்கள். மாணவர் படைப்புகளுக்கென்றே மார்க் ஆஃப் எக்ஸலன்ஸ் என்ற விருதை அது வழங்குகிறது. இப்படி மாணவர் பிரிவு வைத்திருக்கும் சங்கங்களில் உறுப்பினராவதே ஒரு நல்ல தொடக்கம்.

சில போட்டிகளுக்குத் தனி மாணவராக நேரடியாக அனுப்பவே முடியாது. கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். 1960இல் தொடங்கிய ஹெர்ஸ்ட் இதழியல் விருதுகள் அப்படிப்பட்டவை. அங்கீகாரம் பெற்ற அமெரிக்க இதழியல் பள்ளிகளின் இளநிலை மாணவர்களுக்கானது; மாணவருக்குக் கிடைக்கும் தொகைக்கு ஈடான ஒரு தொகை அவர் படிக்கும் பள்ளிக்கும் போகிறது. இந்த மாதிரிப் போட்டியைப் பார்த்தால், துறைத் தலைவருக்கு நினைவூட்டும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் குறைவு. விண்ணப்பிக்கலாமா?

குறைந்தபட்ச மதிப்பெண் விதியில் இருந்து, அதற்குக் கீழே நீங்கள் இருந்தால் வேண்டாம். விதியில் அப்படி எதுவும் இல்லையென்றால் தாராளமாகப் போடுங்கள். விருதுகளில் பெரும்பாலும் மார்க் லிஸ்ட் கேட்பதே இல்லை, படைப்பைத்தான் பார்க்கிறார்கள்.

நான் முதலாமாண்டு. எதுவும் பிரசுரமானதில்லை. என்ன காட்டுவது?

பிரசுரம் என்றால் பெரிய பத்திரிகையில் பைலைன், அதாவது உங்கள் பெயரோடு வரும் செய்தி, என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கல்லூரிப் பத்திரிகை, துறையின் செய்தித்தளம், மாணவர் வானொலி எல்லாமே பிரசுரம்தான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2022இல் நடந்ததைப் பாருங்கள். மாணவர்கள் நடத்தும் ஸ்டான்ஃபோர்டு டெய்லியில் எழுதிக்கொண்டிருந்த தியோ பேக்கர் அப்போது முதலாமாண்டு மாணவர். பல்கலைக்கழகத் தலைவர் பங்கேற்ற ஆய்வுக் கட்டுரைகளில் படங்கள் திருத்தப்பட்டிருப்பதாக எழுந்த குற்றச்சாட்டுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். விசாரணைக் குழு அமைந்தது. தலைவரே தரவைத் திருத்தியதாகக் குழு சொல்லவில்லை; ஆனால் கட்டுரைகளில் இருந்த கோளாறுகளையும், அவற்றைச் சரிசெய்யத் தவறியதையும் சுட்டியது. 2023 ஜூலையில் தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார். அதற்கு முன்பே, அந்த ஆண்டு பிப்ரவரியில், பேக்கருக்கு ஜார்ஜ் போல்க் விருது அறிவிக்கப்பட்டிருந்தது. நாளெல்லாம் இதே வேலையாக இருக்கும் பத்திரிகையாளர்கள் போட்டியிடும் விருது அது.

எல்லாருக்கும் அப்படி ஒரு செய்தி கிடைக்காது. ஆனால் அவர் தேடியது தன் வளாகத்துக்குள்தான். விடுதிக் குடிநீர், நூலக நேரம், தேர்வுக் கட்டணம் எங்கே செலவாகிறது, சக்கர நாற்காலியில் வரும் மாணவர் எந்த வகுப்பறைக்கெல்லாம் போக முடியாது என்று உங்கள் கண்ணெதிரே கிடக்கும் செய்திகளில் ஒன்றை எடுத்து மூன்று வாரம் விடாமல் பின்தொடருங்கள். ஒரு தாளில் இரண்டு பத்திச் செய்தியாக வந்தாலும் போதும். விண்ணப்பத்தில் இணைக்க ஒரு நேர்மையான படைப்பு தயார்.

மூன்று படைப்புகள் கேட்கிறார்கள். எதை அனுப்புவது?

நடுவர்கள் படிக்கும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கே புரிந்துவிடும். என் முன்னால் ஒரு தடவை ஐம்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன. அதில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘நியூ’ என்ற பெயர்களில் மட்டும் ஏழெட்டு. யாருடையது எது என்று கண்டுபிடிக்கவே நேரம் போனது. கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் படைப்பின் தலைப்பும் இருக்கட்டும். பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். இணைய இணைப்பை மட்டும் கொடுத்தால், நடுவர் திறக்கும் நாளில் அந்தத் தளம் இயங்காமல் போகலாம். சந்தா கேட்டு வழி மறிக்கலாம்.

படைப்புகளை அடுக்கும்போது சிறந்ததை முதலில் வையுங்கள். கால வரிசைப்படி வைத்து, முதலாமாண்டில் எழுதிய பலவீனமானதை முதலாவதாகக் கொடுத்தவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். மூன்றும் ஒரே மாதிரி இருக்கவும் வேண்டாம். ஒன்று ஆவணங்களைத் தோண்டியதாக, ஒன்று ஒரு மனிதரோடு நெடுநேரம் உட்கார்ந்து எழுதியதாக, ஒன்று அன்றன்றைக்கு டெட்லைனில் முடித்ததாக இருந்தால், உங்களால் எதெல்லாம் முடியும் என்று தெரிந்துவிடுகிறது. கருத்துக் கட்டுரையைக் கடைசியில் வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அதைக் கேட்கும் பிரிவென்றால் மட்டும் அனுப்பலாம்.

மூன்று என்றால் மூன்றுதான். ஆர்வத்தில் ஐந்து அனுப்பினால், முதல் மூன்றைத்தான் படிப்போம் என்று கூடச் சொல்ல முடியாது. விதியை மீறியது என்று மொத்தமாக ஒதுக்கப்படலாம்.

விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுதுவது?

இங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன. நான் படித்தவற்றில் பாதி இப்படித்தான் தொடங்கின:

"சிறுவயது முதலே எழுத்தின் மீது தீராத ஆர்வம் கொண்டவள் நான். குரலற்றவர்களின் குரலாக ஒலிக்க வேண்டும் என்பதே என் வாழ்நாள் லட்சியம்."

இதில் பொய் எதுவும் இல்லை. எழுதிய பெண் மனதாரத்தான் எழுதியிருப்பார். ஆனால் இதே இரண்டு வரியின் கீழே யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரிடமே, "போன மாதம் எந்தச் செய்திக்காக அலைந்தாய்?" என்று கேட்டால், கண் விரியப் பத்து நிமிடம் பேசுவார். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எழுத வேண்டும். இப்படி:

"எங்கள் நூலகத்தை இரவு 8 மணிக்கு மூடத் தொடங்கினார்கள். அன்றிரவு விடுதிப் படிக்கட்டு விளக்கின் கீழே உட்கார்ந்து படித்த மாணவிகளை எண்ணினேன், 11 பேர். தேர்வு வாரத்தில் 34 பேர். காவலருக்குச் சம்பளம் தர நிதி இல்லை என்றார் பதிவாளர். கணக்கைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தத் தலைப்பில் ஒதுக்கிய பணம் செலவாகாமலே இருந்தது. செய்தி வந்த பிறகும் நூலகம் 8 மணிக்குத்தான் மூடுகிறது. ஒதுக்கீட்டுக் கணக்கை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்திருந்தால் இன்னும் சரியான கேள்வி கேட்டிருப்பேன் என்று தோன்றியது. இந்தப் படிப்பில் நான் கற்றுக்கொள்ள விரும்புவது அதைத்தான்."

இது நான் உதாரணத்துக்காக எழுதியது. ஆனால் பாருங்கள், ‘ஆர்வம்’ என்ற சொல்லே இதில் இல்லை. படிக்கட்டில் நின்று தலை எண்ணியவளுக்கு ஆர்வம் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தோற்றதையும் மறைக்கவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து இந்த உதவித்தொகைக்கு நேராக ஒரு வழி போகிறது: எனக்கு இது தெரியவில்லை, உங்கள் பணம் இதைக் கற்றுக்கொள்ள உதவும். தேர்வுக் குழு தேடிக்கொண்டிருப்பது அந்த வழியைத்தான்.

முதல் பிரதியை எழுதி முடித்ததும், எந்த வாக்கியத்தையெல்லாம் உங்கள் வகுப்புத் தோழரும் அப்படியே எழுதியிருக்க முடியும் என்று பார்த்து அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதை வைத்து மறுபடி எழுதுங்கள். சொல் வரம்பு 500 என்றால் 500ஐத் தாண்டாதீர்கள். அளவுக்குள் எழுதத் தெரியாத நிருபரை எந்த எடிட்டருக்கும் பிடிக்காது, நடுவர்களில் பாதிப் பேர் எடிட்டர்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு யாரைக் கேட்பது?

பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் பிரதியில் சிவப்பு மையால் திருத்தம் போட்டவர் யாரோ, அவரைக் கேளுங்கள். "இவர் ஒழுக்கமான மாணவர்" என்று துணைவேந்தர் எழுதுவதைவிட, "மூன்று தடவை திருப்பி அனுப்பினேன், நான்காவது தடவை புதிதாக இரண்டு பேரிடம் பேசிவிட்டு வந்தாள்" என்று ஒரு விரிவுரையாளர் எழுதுவது ஆயிரம் மடங்கு மேல்.

குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். கேட்கும்போதே உங்கள் கடிதம், படைப்புகள், விதிமுறை, கடைசி நாள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுங்கள். நான்கு நாளுக்கு முன் ஒரு நினைவூட்டல். அதைத் தொல்லையாக நினைக்க மாட்டார்கள், ஆசிரியர்களும் மறப்பவர்கள்தான்.

வீட்டின் பண நிலையை எழுதச் சொல்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் யாரும் அதை உரக்கக் கேட்டதில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

தேவை அடிப்படையிலான உதவித்தொகை என்றால் அந்தக் கட்டம்தான் அடிப்படை. அதைக் காலியாக விட்டால், உங்களுக்காகவே ஒதுக்கிய பணம் வேறொருவருக்குப் போகும். நீங்கள் யாரிடமும் கையேந்தவில்லை. ஒரு செய்தியில் உண்மைகளை எப்படி வைப்பீர்களோ, அப்படி வையுங்கள்: வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது, கட்டணத்தில் எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு பாக்கி, படித்துக்கொண்டே வேலை பார்க்கிறீர்கள் என்றால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம். உருக்கமாக எழுத வேண்டியதில்லை. எண்களே போதும்.

குடும்பத்தின் நோய், இழப்பு, சண்டை போன்றவற்றை எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை. சொல்லாமல் விட்டதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. சொல்வதென்றால், அதில் வரும் மற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

புகைப்படம், காணொளிப் பிரிவில் கவனிக்க வேண்டியது?

மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். பெரிய போட்டிகள் அதைக் கேட்டு வாங்கி ஒப்பிடுகின்றன. 1955இல் தொடங்கிய வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் 2015ஆம் ஆண்டு இறுதிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் சுமார் 20 சதவீதம், திருத்தம் எல்லை மீறியதாக நீக்கப்பட்டன. அதே ஆண்டு, பரிசு அறிவித்த பிறகு ஒரு படத்தொகுப்பின் பரிசே திரும்பப் பெறப்பட்டது. ஒரு நகரத்தைப் பற்றிய தொகுப்பு என்று சொல்லி, அதில் ஒரு படம் வேறு நகரத்தில் எடுக்கப்பட்டிருந்ததுதான் காரணம்.

ஆகவே படக்குறிப்பும் செய்திதான். எங்கே, எப்போது, படத்தில் இருப்பவர் யார் என்பதை எடுத்த அன்றே குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

விண்ணப்பத்துக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

முதலில் விதியைப் பாருங்கள். இப்போது பல போட்டிகளில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. புலிட்சர் பரிசுக்கே 2024ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து, படைப்பில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியிருந்தால் சொல்லியாக வேண்டும். ஒலிப்பதிவை எழுத்தாக்க, பெரிய ஆவணக் குவியலில் தேட உதவியது என்றால் அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

கடிதத்தை அதனிடம் எழுதி வாங்குவதில் என் கவலை வேறு. நான் மேலே காட்டிய இரண்டு உதாரணங்களில் முதலாவதைத்தான் அது சுலபமாகத் தரும். படிக்கட்டில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தற்குறிப்பில் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன?

கூட்டாதீர்கள். ஜேனட் குக் விஷயம் தெரியுமா? எட்டு வயதுச் சிறுவன் ஹெராயினுக்கு அடிமையானதாக வாஷிங்டன் போஸ்டில் அவர் எழுதிய செய்திக்கு 1981இல் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்தச் சிறுவன் கற்பனை. அது வெளியே வந்தது எப்படி என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் செய்தியாக வந்தபோது, அவர் முன்பு வேலை பார்த்த டொலிடோ பிளேடு பத்திரிகையில் இருந்தவர்கள் படித்துவிட்டு, "இவர் பட்டம் வாங்கியது இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அல்லவா, இதில் வேறு கல்லூரி போட்டிருக்கிறதே" என்று சந்தேகப்பட்டார்கள். வாசர் கல்லூரியில் சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற்றதாகக் குறிப்பில் இருந்தது. உண்மையில் அங்கே ஓராண்டுதான் படித்திருந்தார். அந்த ஒரு வரியை இழுக்கப்போய் மொத்தமும் அவிழ்ந்தது. பரிசு திருப்பித் தரப்பட்டது.

இரண்டு வார இண்டர்ன்ஷிப்பை இரண்டு மாதம் என்று எழுதும் மாணவர் அவ்வளவு பெரிய தவறு செய்யவில்லைதான். ஆனாலும், சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் அந்தத் தாளைக் கொடுக்கிறோம். ஒரு ஃபோன் போட்டால் தெரிந்துவிடும்.

மூன்று பேர் சேர்ந்து செய்த ஸ்டோரி. நான் மட்டும் அனுப்பலாமா?

கூட்டுப் படைப்புக்கு இடம் இருக்கிறதா என்று விதியில் பாருங்கள். இருந்தால் மூன்று பெயரும் போட்டு, உங்கள் பங்கு எது என்று ஓரிரு வரியில் எழுதுங்கள். மற்ற இருவரிடம் சொல்லாமல் அனுப்பாதீர்கள். பரிசு வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று விட்டதில் உடைந்த நட்புகளை எனக்குத் தெரியும்.

என் படைப்பு இருக்கும் மொழி வேறு, போட்டி கேட்கும் மொழி வேறு.

மொழிபெயர்த்து, மூலத்தையும் கூடவே இணையுங்கள். மொழிபெயர்ப்பில் மூலத்தை மெருகேற்றக் கூடாது; மூலத்தில் இல்லாத ஒரு தகவலைக்கூடச் சேர்க்கக் கூடாது. யார் மொழிபெயர்த்தது என்று குறிப்பிடுங்கள். தாய்மொழியில் செய்தி சேகரித்தது குறையே இல்லை. ஓர் ஊரின் பேச்சு வழக்கு தெரிந்து, அந்த மக்களிடம் நேராகப் பேசி எழுதியது வெளியிலிருந்து வருபவரால் முடியாத காரியம். கடிதத்தில் அதைச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் முதுகலை படிக்க என்ன வழி?

மூன்றைச் சொல்கிறேன், மூன்றும் மூன்று விதம்.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இராஸ்மஸ் முண்டஸ் இதழியல் முதுகலை 2005 முதல் நடக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் முதலாண்டு, இரண்டாமாண்டு சிறப்புப் பாடத்துக்கு வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகம். சேர்க்கை கிடைப்பதும் உதவித்தொகை கிடைப்பதும் வேறு வேறு என்பதை மனதில் வையுங்கள்.

பிரிட்டன் அரசின் செவ்னிங் உதவித்தொகை 1983இல் தொடங்கியது; ஓராண்டு முதுகலைக்கு. இதழியல் உட்பட எந்தத் துறைக்கும் கேட்கலாம். 2,800 மணி நேர வேலை அனுபவம், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டு, தேவை. படிப்பை முடித்துவிட்டுக் குறைந்தது இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஆகவே பட்டம் வாங்கிய கையோடு இதற்குப் போக முடியாது.

அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகைத் திட்டம் 1946இல் சட்டமாக வந்தது. தகுதியும் பிரிவுகளும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் நாட்டுக்கான அறிவிப்பை மட்டும் படியுங்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். புலிட்சர் சென்டர் வேறு, புலிட்சர் பரிசு வேறு. 2006இல் தொடங்கிய சென்டர், செய்தித் திட்டங்களுக்கு நல்கை தருகிறது. தன்னோடு இணைந்த பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு ரிப்போர்ட்டிங் ஃபெலோஷிப்பும் தருகிறது. பரிசு கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வருவது.

ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ தரும் விருதை வாங்கலாமா?

விதிமுறையில் மூன்று இடங்களைப் பாருங்கள். நடுவர்கள் யார்? தலைப்பை யார் தீர்மானிக்கிறார்கள்? வெளியிடும் முன் அவர்களிடம் காட்ட வேண்டுமா? சுகாதாரத்தைப் பற்றிய சிறந்த செய்திக்கு விருது தருகிறார்கள், தனி நடுவர்கள் இருக்கிறார்கள் என்றால் சரி. தங்கள் பொருளைப் பற்றியே எழுதச் சொல்கிறார்கள் என்றால் அது விளம்பரப் போட்டி. வெளியிடும் முன் ஒப்புதல் வேண்டும் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். நாளைக்கு அதே நிறுவனத்தைப் பற்றி நீங்கள் செய்தி எழுத நேரலாம். அன்றைக்கு இந்த விருதை வாசகருக்குச் சொல்ல வேண்டி வரும். சொல்வதற்குக் கூசும் விருது என்றால் வேண்டாம்.

பதிப்புரிமைப் பத்தியையும் விடாதீர்கள். பரிசு பெற்ற படைப்பை அவர்கள் தளத்தில் போட அனுமதி கேட்பது வழக்கம். அனுப்பிய எல்லாருடைய படைப்புகளும் நிரந்தரமாக அவர்களுக்கே சொந்தம் என்று இருந்தால், போட்டி என்ற பெயரில் இலவசமாகச் சரக்கு சேர்க்கிறார்கள்.

மோசடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் விண்ணப்பிக்காத உதவித்தொகைக்குத் தேர்வாகிவிட்டீர்கள் என்று வாழ்த்து வருவது, ‘செயலாக்கக் கட்டணம்’ கட்டினால் பணம் வரும் என்பது, ஓ.டி.பி. கேட்பது: மூன்றும் மோசடி. நுழைவுக் கட்டணம் வாங்கும் உண்மையான போட்டிகள் இருக்கின்றன. அது அனுப்பும்போதே கட்டுவது. தேர்வான பிறகு பணம் கேட்கும் உதவித்தொகை உண்மையானதாக இருக்காது. போன ஆண்டு பெற்றவர் யார் என்று தேடிப் பிடித்துப் பேசிப் பாருங்கள். ஒருவர்கூடக் கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடலாம்.

பணம் எப்படி வரும்?

சில நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகும். சில தவணையாக, மதிப்பெண் பார்த்து. நல்கைகளில் பல, நீங்கள் முதலில் செலவழித்துவிட்டு ரசீது காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். கையில் பணம் இல்லாதவருக்கு இது பெரிய சிக்கல். முன்பணம் தருவீர்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்டவர்களுக்குத் தந்ததைப் பார்த்திருக்கிறேன். படிப்பை இடையில் விட்டால் திருப்பித் தர வேண்டுமா, இன்னொரு உதவித்தொகை கிடைத்தால் இது குறையுமா என்பதையும் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு தடவை போட்டும் கிடைக்கவில்லை. இன்னும் போடவா?

நான்குக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினீர்களா என்று முதலில் பாருங்கள். தேர்வாகாதவர்களுக்குக் கருத்துச் சொல்வார்களா என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பலர் பதில் தர மாட்டார்கள். தரும் ஒருவரிடமிருந்து கிடைப்பது பெரிது. என் குழுவில் ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை இரண்டு ஆண்டு தொடர்ந்து ஒதுக்கினோம். மூன்றாம் ஆண்டு அதே மாதிரிப் படைப்புகளுக்குப் பதிலாக, ஒரே பிரச்சினையை ஓராண்டு பின்தொடர்ந்த நான்கு செய்திகளை அனுப்பியிருந்தாள். விவாதமே நடக்கவில்லை.

கிடைத்துவிட்டது! இனி என்ன?

மகிழ்ச்சியாக இருங்கள். பரிந்துரைக் கடிதம் கொடுத்தவரிடம் அன்றே சொல்லுங்கள். ஏற்புக் கடிதத்தைக் கடைசி நாளுக்கு முன் அனுப்புங்கள். அதை மறந்து பணத்தை இழந்தவர்களும் உண்டு.

அது நினைவு நிதி என்றால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஆண்டு முடிவில் அறிக்கை கேட்பார்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள். ஒருமுறை பரிசளிப்பு முடிந்து கிளம்பும்போது, மறைந்த நிருபரின் அம்மா ஒரு பழைய கோப்பைத் திறந்து காட்டினார். அதுவரை அந்த நிதியைப் பெற்ற மாணவர்களில் கடிதம் எழுதியவர்களின் கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. மொத்தம் ஆறு. ஒவ்வொன்றிலும் அந்தப் பிள்ளை எங்கே போனது, யாரிடம் பேசியது, என்ன எழுதியது என்பதைப் படித்துச் சொன்னார். அந்தக் கடிதங்களின் மடிப்புகள் நைந்து போயிருந்தன.